பூனைக்குட்டியைத் தூக்குறதுக்கு முன்னாடி...

மக்களே, ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. கொஞ்சம் நீளம். காபி கீபி போட்டு எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

எங்க ஏரியா வாட்ஸப் குரூப்ல மாசத்துக்கு ரெண்டு தடவையாவது ஒரே மாதிரி ஒரு போட்டோ வரும். செருப்பு வாங்கின அட்டைப்பெட்டி, அதுக்குள்ள ஒரு பழைய துண்டு, துண்டு மேல கண்ணே திறக்காத மூணு நாலு பூனைக்குட்டி. பக்கத்துல சின்னத் தட்டுல பாக்கெட் பால். கீழே ஒரு வரி: "பாவம், அம்மா இல்லை, யாராவது எடுத்துக்கங்க ப்ளீஸ்." அடுத்த பத்து நிமிஷத்துல நாப்பது அழுமூஞ்சி பொம்மை விழும். எடுத்துக்கிறதுக்கு ஒரு ஆள் வராது. ரெண்டு நாள் கழிச்சு "அந்தக் குட்டிங்க என்னாச்சு?"ன்னு யாராவது கேட்டா, குரூப்பே அமைதியாயிடும்.

போட்டோ எடுத்தவரோட மனசை நான் குறை சொல்லல. தங்கமான மனசு. ஆனா அந்தப் படத்துல இருக்கிற ஒவ்வொரு பொருளும் தப்புங்கிறது என் கட்சி. பால் தப்பு. தட்டு தப்பு. துண்டு மட்டும் போதும்னு நினைச்சது தப்பு. "அம்மா இல்லை"ங்கிறதும் பல சமயம் தப்பு. இரக்கப்பட்டு நாம செய்யிற காரியமே அந்தக் குட்டிகளோட சாவுக்குக் காரணமாயிடுது. அதைத் தடுக்கத் தேவையான விஷயம் ஒண்ணும் பெரிய ராக்கெட் சயின்ஸ் கிடையாது. ஒரு தாய்ப்பூனை என்னென்ன வேலை பார்க்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டா போதும்.

நான் கால்நடை டாக்டர் இல்லை. கணக்கு எழுதுற உத்தியோகம். கடந்த ஏழு வருஷத்துல எங்க வீட்டு பால்கனியில பதினோரு அநாதைக் குட்டிங்க வந்து சேர்ந்திருக்கு. எட்டு பிழைச்சது, மூணு பிழைக்கல. பக்கத்துத் தெரு கால்நடை டாக்டர் சொல்லிக் கொடுத்தது, படிச்சது, தங்கமணியும் நானும் ராத்திரி முறை வெச்சு முழிச்சுப் பார்த்தது, இதெல்லாம் சேர்ந்துதான் இந்தப் பதிவு.

அநாதைன்னு யாருங்க சொன்னது?

குட்டி போட்ட பூனை மாதிரி சுத்தி சுத்தி வர்றான்னு நம்ம ஊர்ல சொல்வாங்க இல்லையா? சொன்னவங்க பூனையைச் சரியாக் கவனிச்சிருக்காங்க. தெருப்பூனைக்கு யாரும் கிண்ணத்துல சோறு வைக்கிறதில்லை. அது சாப்பிடணும்னா வெளியில போயித்தான் ஆகணும். சில மணி நேரம் கூட ஆகும். போய்ட்டு குட்டிங்ககிட்ட வரும், மறுபடி போகும். நீங்க பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தா வராது, எங்கயோ சுவர் மேல உக்காந்து நீங்க எப்ப கிளம்புவீங்கன்னு பார்த்துக்கிட்டிருக்கும். இன்னொண்ணு, அதுக்கு ஒரு இடம் சரியில்லைன்னு பட்டா குட்டிகளை ஒவ்வொண்ணா வாயில கவ்விக்கிட்டு இடம் மாத்தும். நாலு குட்டியில மூணை மாத்திட்டு நாலாவதை எடுக்க வர்றதுக்குள்ள, "ஐயோ ஒத்தைக் குட்டி"ன்னு நாம தூக்கிட்டு வந்துடறோம்.

போன வருஷம் எங்க குடியிருப்புலயே இது நடந்தது. மோட்டார் ரூமுக்குப் பின்னாடி நாலு குட்டி. அடுத்த பிளாக்ல ஒரு நல்ல மனுஷர், நிஜமாவே நல்லவர், மத்தியானம் பார்த்திருக்கார். அம்மாவைக் காணோம். அரை மணி நேரம் பார்த்துட்டு, நாலையும் பையில போட்டு ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிற தெரிஞ்சவங்க வீட்டுல கொண்டு போய்ச் சேர்த்துட்டார். சாயங்காலம் ஆறு மணிக்குத் தாய்ப்பூனை வந்தது. வெள்ளையும் கறுப்புமா ஒண்ணு, மடி கனத்துத் தொங்குது. மோட்டார் ரூமுக்கும் படிக்கட்டுக்கும் கார் நிறுத்துற இடத்துக்கும் மூணு ராத்திரி கத்திக்கிட்டே அலைஞ்சது. விஷயம் தெரிஞ்சு அவர் பதறிப்போய்த் திருப்பி எடுத்துட்டு வரப் போனார். அதுக்குள்ள ரெண்டு செத்துப் போச்சு. மீதி ரெண்டும் எங்கயோ கைமாறிப் போயிருந்தது. அம்மா இருந்தது, பால் இருந்தது, குட்டி இல்லை. இதுக்கு நாம வெச்சிருக்கிற பேரு "மீட்பு".

அதனால குட்டியைப் பார்த்தா முதல்ல கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. குட்டிங்க ஒண்ணு மேல ஒண்ணு கிடந்து தூங்குதா, உடம்பு சுத்தமா இருக்கா, வயிறு உருண்டையா இருக்கா? அப்படின்னா ஆத்தாக்காரி பக்கத்துலதான் இருக்கா. நீங்க தள்ளிப் போங்க. சில மணி நேரம் கழிச்சு வந்து பாருங்க. நாள் முழுக்கக் காவல் நிக்க முடியாதுன்னா ஒரு சுலபமான வழி இருக்கு. குட்டிங்களைச் சுத்தி வட்டமா அரிசி மாவைத் தூவிட்டுப் போங்க, கோலம் போடற மாதிரி. அம்மா வந்துட்டுப் போனா மாவுல காலடி இருக்கும்.

குட்டி தொட்டா ஜில்லுன்னு இருக்கு, நிறுத்தாம கத்துது, எறும்பு மொய்க்குது, அடிபட்டிருக்கு, இல்லை தாய்ப்பூனை வண்டியில அடிபட்டு செத்ததை நீங்களே பார்த்தீங்கன்னா அப்ப காத்திருக்க வேண்டாம், உடனே எடுங்க. மழை, நாய், காக்கான்னு ஆபத்து இருந்தா, சில அடி தள்ளி மறைவா, அம்மா கண்டுபிடிக்கிற தூரத்துல வைங்க. "மனுஷ வாடை பட்டா தாய் சேர்த்துக்காது"ன்னு ஒரு பயம் எல்லாருக்கும் உண்டு. பூனை விஷயத்துல அதுக்கு பயப்பட வேண்டியதில்லை. நீங்க தொட்ட குட்டியையும் அது தூக்கிட்டுத்தான் போகும்.

சூடுதான் முதல் சாப்பாடு

சரி, நிஜமாவே அம்மா இல்லை, குட்டி உங்க கைக்கு வந்துடுச்சு. எல்லாரும் அடுத்து ஓடறது பால் காய்ச்சத்தான். வேண்டாம்!

பிறந்த குட்டிக்குத் தன் உடம்பைத் தானே சூடா வெச்சுக்கத் தெரியாது. முதல் வாரத்துல அதுக்குக் குளிர்ல நடுங்கக்கூட வராது. அம்மா வயிறும் கூடப் பிறந்ததுங்களும்தான் அதுக்கு ஹீட்டர். பெரிய பூனையோட உடம்புச் சூடு 38லேர்ந்து 39 டிகிரி செல்சியஸ். பிறந்த குட்டிக்கு 36, 37ன்னு இருக்கும். 35க்குக் கீழ போயிட்டா அதோட குடல் வேலை செய்யறதே நின்னு போயிடும். அந்த நேரத்துல பால் ஊத்தினா அது செரிக்காம உள்ளேயே கிடந்து கெடும், இல்லை புரையேறி நுரையீரலுக்குப் போகும். ஜில்லுனு இருக்கிற குட்டிக்குப் பால் கொடுக்கக் கூடாதுங்கிற இந்த ஒரு விஷயத்தை மட்டும் இந்தப் பதிவுலேர்ந்து எடுத்துக்கிட்டுப் போனாலே எனக்கு சந்தோஷம்.

எப்படித் தெரிஞ்சுக்கறது? சுண்டுவிரலை வாய்க்குள்ள லேசா வெச்சுப் பாருங்க. வாய்க்குள்ளயே ஜில்லுன்னு இருந்தா ஆபத்து. வெந்நீர் பாட்டில் ஒண்ணை ரெண்டு சுத்துத் துணியில சுத்தி பெட்டியோட ஒரு பக்கம் வைங்க. இன்னொரு பக்கம் காலியா இருக்கணும், சூடு ஜாஸ்தியானா ஊர்ந்து தள்ளிப் போறதுக்கு. மெதுவாத்தான் சூடேறணும். அடுப்புப் பக்கத்துல வைக்கிறது, ஹேர் டிரையர் அடிக்கிறது எல்லாம் வேண்டாம்.

"சென்னை வெயில்ல சூடு வேறயா?"ன்னு கேப்பீங்க. எங்கம்மாவும் இதையேதான் கேட்டாங்க. கணக்கு போட்டுப் பாருங்க. முதல் வாரத்துக் குட்டி படுத்திருக்கிற இடம் 30, 32 டிகிரி இருக்கணும். சென்னையில மே மாசத்து விடிகாலைகூட 28 டிகிரி பக்கத்துலதான். மார்கழியில 21, 22. அதுல மொசைக் தரை, தலைக்கு மேல ஃபேன், சில வீட்ல ஏசி. வேர்த்துக் கொட்டுற ஊர்லயும் குட்டி குளிர்ல சாகும்.

பால்னா எந்தப் பால்?

அடுத்தது நம்ம எல்லார் மனசுலயும் ஊறிப்போன படம்: பூனை, கிண்ணம், பசும்பால். சின்ன வயசுல படம் பார்த்து எழுத்துப் படிக்கிறப்பவே ஏத்திட்டாங்க, லேசுல போகாது.

பூனைப் பால்ல இருக்கிற புரதம் பசும்பால்ல இருக்கிறதைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு. பசும்பாலை மட்டும் கொடுத்தா குட்டிக்கு வயிறு ரொம்பும், வளர்ச்சி இருக்காது. நிறைய குட்டிக்கு வயித்தாலயும் போகும். 100 கிராம் எடையுள்ள உயிருக்கு வயித்தால போச்சுன்னா உடம்புல தண்ணி வத்திப்போக ஒரு நாள் போதும். தண்ணி கலந்து கொடுத்தா இன்னும் மோசம், இருக்கிற சத்தும் பாதியாயிடும். குட்டிப்பூனைக்குன்னே செஞ்ச பால் பவுடர், செல்லப்பிராணிக் கடைகள்லயும் இணையத்துலயும் கிடைக்குது. வாங்கிடுங்க. அர்த்தராத்திரி, கடை மூடியிருக்குன்னா ஒரு டாக்டருக்குப் போன் பண்ணி அந்த ஒரு ராத்திரியை எப்படித் தள்ளறதுன்னு கேளுங்க. பசும்பாலை வெச்சு மாசக்கணக்கா ஓட்டாதீங்க.

கொடுக்கிற விதம் அதைவிட முக்கியம். நம்ம குழந்தையை மடியில மல்லாக்கப் போட்டுப் பாலாடையில புகட்டின பழக்கத்துல குட்டியையும் மல்லாத்திடறோம். பூனைக்குட்டி குப்புறப் படுத்துத்தான் பால் குடிக்கும், அம்மா வயித்துல குடிக்கிற மாதிரி. மல்லாத்திப் புகட்டினா பால் மூச்சுக்குழாய்க்குள்ள போய் நிமோனியா வரும். ஊசியில்லாத சிரிஞ்சோ சின்ன நிப்பிள் பாட்டிலோ எடுத்துக்கிட்டு, வெதுவெதுன்னு, மணிக்கட்டுல ஒரு சொட்டு விட்டுப் பார்த்துட்டு, சொட்டுச் சொட்டா, அது உறிஞ்சற வேகத்துக்கு. நீங்க அமுக்கற வேகத்துக்கு இல்லை. 100 கிராம் குட்டியோட வயித்துல ஒரு தடவைக்கு சுமார் 4 மில்லிதான் பிடிக்கும். அதனாலதான் அடிக்கடி கொடுக்கணும். முதல் வாரம் ரெண்டு மூணு மணிக்கு ஒரு தடவை, ராத்திரியும் சேர்த்து. ரெண்டாவது வாரம் மூணு நாலு மணிக்கு ஒரு தடவை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா இடைவெளி கூடும். தட்டுல பாலை ஊத்தி வெச்சா குடிக்கிற வயசு வர நாலு வாரம் ஆகும் சாமி!

நக்கல் (அந்த நக்கல் இல்லைங்க)

நிறைய பேருக்குத் தெரியாத சங்கதி இது. குட்டி பூனைக்குத் தானா மூச்சா, கக்கா போக வராது. அம்மா அடிவயித்தையும் அந்த இடத்தையும் நக்கி நக்கித்தான் போக வைக்கும். நாம நக்க முடியாது (தங்கமணி முறைக்கிறாங்க). ஒவ்வொரு வேளைக்கும் முன்னாடியோ பின்னாடியோ பஞ்சை வெந்நீர்ல நனைச்சுப் பிழிஞ்சு மெதுவாத் தடவணும். மூணு வாரம் வரைக்கும் இது தினப்படி வேலை. பால் எல்லாம் ஒழுங்காக் கொடுத்து, இது ஒண்ணு தெரியாததால வயிறு வீங்கி செத்துப்போன குட்டிகளைப் பத்தி எங்க டாக்டர் சொல்லியிருக்கார்.

சுத்தம்னு சொல்லிக்கிட்டு பெட்டியை பினாயில் ஊத்திக் கழுவாதீங்க. பீனால் வகைக் கிருமிநாசினி பூனைக்கு விஷம். தெள்ளுப்பூச்சி இருந்தா நாய்க்கு விக்கிற மருந்தை எடுத்துத் தடவாதீங்க. அதுல சிலதுல இருக்கிற பெர்மெத்ரின் பூனையைக் கொன்னுடும். சீப்பு வெச்சு ஒவ்வொண்ணா எடுக்கிறது மொக்கை வேலைதான், ஆனா பாதுகாப்பு. அந்தத் தெள்ளை அப்படியே விட்டா குட்டியோட ரத்தத்தை உறிஞ்சி சோகை வர வெச்சுடும்.

நோட்டுப் புத்தகம்

கணக்கு எழுதுறவன் புத்தி போகுமா? ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு பக்கம். சமையலறைத் தராசுல தினம் ஒரே நேரத்துல எடை போட்டு எழுதுவேன். பிறக்கும்போது 100 கிராம் சுமார். தினம் 10லேர்ந்து 15 கிராம் ஏறணும். ரெண்டு வாரத்துல பிறந்த எடை ரெண்டு மடங்காகணும். நாலு வாரத்துல 400 கிராம் பக்கம் நிக்கணும். குட்டி விளையாடுது, கத்துது, நல்லாத்தான் இருக்குன்னு கண்ணு சொல்லும். தராசு மட்டும் முந்தின நாளே உண்மையைச் சொல்லிடும். ஒரு நாள் முழுக்க எடை ஏறலைன்னா உஷார். இறங்கிடுச்சுன்னா விடியட்டும்னு இருக்காம டாக்டர்கிட்ட ஓடணும்.

வாரம் வாரமா ஒரு அதிசயம்

சும்மா பயமுறுத்திக்கிட்டே இருக்கேன் இல்ல? நல்லதையும் சொல்லிடறேன். ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிக்கிற கடுப்பு எல்லாம் இந்த மாற்றங்களைப் பார்த்தா போயிடும்.

முதல் வாரம் அது கண்ணும் தெரியாத, காதும் கேக்காத ஒரு சின்ன மூட்டை. மோப்பமும் சூடும்தான் அதோட உலகம். ஸ்ரீவைஷ்ணவத்துல தென்கலைக்காரங்க சொல்ற மார்ஜார நியாயம் கேள்விப்பட்டிருப்பீங்க. குரங்குக்குட்டி தாயை இறுகப் பிடிச்சுக்கும், பூனைக்குட்டி ஒண்ணுமே செய்யாது, தாய்தான் கவ்விக்கிட்டுப் போகணும்னு. உவமை சொன்னவங்க முதல் வாரத்துக் குட்டியைக் கையில எடுத்துப் பார்த்திருப்பாங்கன்னு நினைக்கிறேன். அப்படியே துணி மாதிரி தொங்கும்.

7லேர்ந்து 14 நாளுக்குள்ள கண் திறக்கும். எல்லாக் குட்டிக்கும் முதல்ல நீலக் கண்தான், நிஜ நிறம் அப்புறமாத்தான் வரும். நீங்களா இமையைப் பிரிக்கக் கூடாது. ஆனா மூடின இமை வீங்கியிருந்தாலோ சீழ் வந்தாலோ உடனே டாக்டர்கிட்ட காட்டணும். காதும் அந்தச் சமயத்துலதான் கேக்க ஆரம்பிக்கும். மூணாவது வாரம் தள்ளாடித் தள்ளாடி நடை, கூடவே முளைக்கிற பல்லு. நாலாவது வாரம் மண்ணைக் கண்டா தானாத் தோண்டும், யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

இந்தக் கண் விஷயத்துல ஒரு கதை இருக்கு. 1960களில் அமெரிக்காவின் ஹார்வர்டில் டேவிட் ஹியூபல், டார்ஸ்டன் வீசல்னு ரெண்டு பேர் பூனைக்குட்டியோட ஒரு கண்ணை சில மாசம் தைச்சு மூடி வெச்சுட்டு, அப்புறம் பிரிச்சுப் பார்த்தாங்க. கண்ணுல கோளாறே இல்லை. ஆனா மூளை அந்தக் கண்ணை ஏத்துக்க மறுத்துடுச்சு. வளர்ந்த பூனைக்கு அதையே செஞ்சா அப்படி ஆகல. மூளைக்குப் பார்க்கக் கத்துக்க ஒரு பருவம் இருக்கு, அதைத் தவற விட்டா போச்சுன்னு அதுலேர்ந்துதான் தெளிவாச்சு. 1981ல் அவங்களுக்கு நோபல் பரிசு. பிறவியிலேயே கண்புரை உள்ள குழந்தைக்கு நாள் கடத்தாம ஆபரேஷன் பண்ணணும்னு இன்னிக்கு டாக்டருங்க அவசரப்படுத்தறாங்களே, அதுக்குப் பின்னாடி இந்த ஆராய்ச்சியும் இருக்கு. அந்தக் குட்டிகளை நினைச்சா எனக்கு மனசு ஒரு மாதிரிதான் ஆகுது. நம்ம பிள்ளைங்க பார்வைக்கு நாம அதுங்களுக்குக் கடன்பட்டிருக்கோம்னும் தோணுது.

பழக்கவழக்கத்துக்கும் இப்படி ஒரு பருவம் உண்டு. 1980களில் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் செஞ்ச ஆராய்ச்சியை வெச்சு, ரெண்டு வாரத்துலேர்ந்து ஏழு வாரத்துக்குள்ள மனுஷன் கை பட்டு வளர்ந்த குட்டிதான் மனுஷனோட நல்லா ஒட்டும்னு சொல்றாங்க. 2017ல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகக்காரங்க கிட்டத்தட்ட 6000 பூனைகளைப் பத்தின விவரத்தை அலசினதுல, எட்டு வாரத்துக்கு முன்னாடியே தாய்கிட்டேர்ந்து பிரிச்ச பூனைங்ககிட்ட முரட்டுத்தனம் அதிகமா இருந்தது. "குட்டியா இருக்கும்போதே கொடுங்க சார், அப்பதான் ஒட்டும்"னு அஞ்சு வாரத்துலயே கேட்டு வர்றவங்களுக்கு இதைத்தான் சொல்றேன். தாய் இல்லாட்டியும் கூடப் பிறந்ததாவது பக்கத்துல இருக்கணும். எவ்வளவு அழுத்திக் கடிச்சா வலிக்கும்னு குட்டி கத்துக்கறது இன்னொரு குட்டிகிட்டதான்.

பால் மறக்கிற சமயத்துல இன்னொரு சண்டை வரும். "எங்க வீடு சைவம், தயிர்சாதம் போட்டே வளர்த்துடுவோம்." உங்க சைவத்துக்கு என் வணக்கம், நிஜமாத்தான். ஆனா பூனை சைவம் ஆகாது. டாரின்னு ஒரு சத்து, பூனையோட உடம்பு தேவையான அளவு தானா செஞ்சுக்காது, மாமிசத்துலேர்ந்துதான் வரணும். அது குறைஞ்சா பூனைக்கு இதயத்தசை தளர்ந்து போகும்னு 1987ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்துல கண்டுபிடிச்சாங்க. கண்ணும் கெடும். வீட்ல மீன், கறி சமைக்க முடியாதுன்னா கடையில விக்கிற குட்டிப்பூனை உணவு வாங்கிப் போடலாம். அதுவும் முடியாதுன்னா பூனை வளர்க்க வேண்டாம். இதுல கோவிச்சுக்க ஒண்ணும் இல்லை.

எல்லாம் செஞ்சும்...

எல்லாம் சரியாச் செஞ்சும் சில குட்டி சாகும். எங்ககிட்ட வந்த மூணு பேர் கூட்டத்துல 112, 104, 87ன்னு எடை. அந்த 87 ஆறு நாள் எங்களோட இருந்தது. நோட்டுல எடை 87, 91, 96, 97, 95ன்னு போகுது. டாக்டர் பார்த்தார், மருந்தும் கொடுத்தார். ஆறாவது நாள் காலையில தங்கமணி கையில இருக்கும்போதே அடங்கிப் போச்சு. தாய்கிட்ட சீம்பால் குடிச்சுதா இல்லையான்னே தெரியாம வர்ற குட்டிங்க இதெல்லாம். நோயை எதிர்க்கிற சக்தி பெரும்பாலும் அந்த முதல் நாள் சீம்பால்லதான் வருது. அது கிடைக்காத குட்டிக்கு எந்தப் பவுடரும் அதைத் தர முடியாது. அதனாலதான் தாய்ப்பூனையை முதல்ல தேடச் சொல்றேன். தாய் கிடைக்கலைன்னா, பால் கொடுத்துக்கிட்டிருக்கிற வேற பூனை கிடைச்சா டாக்டரைக் கேட்டுட்டு சேர்த்துப் பாருங்க. பல பூனை மறுக்காம ஏத்துக்கும்.

"இதெல்லாம் தேவையா சார்?"

ரெண்டு கேள்வி எப்பவும் வரும். ஒண்ணு, "மனுஷனுக்கே இல்லை, பூனைக்கு எதுக்கு?" இதுக்கு பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. பூனைக்குச் செய்யாத நேரத்துல இவங்க மனுஷனுக்கு என்ன செய்யறாங்கன்னு நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

ரெண்டாவது, "இயற்கை பார்த்துக்கும், தலையிடாதீங்க." இது கொஞ்சம் யோசிக்க வேண்டிய கேள்வி. தெருப்பூனை காட்டு மிருகம் கிடையாது. நம்ம குப்பைத்தொட்டி, மீன் கழுவின தண்ணி, நம்ம எலி, இதை நம்பி வந்த உயிர். நாம மோட்டார் ரூம் கட்டினதால அங்க குட்டி போடுது. இதுல இயற்கை எங்க இருக்கு, நாம எங்க இருக்கோம்னு கோடு போட முடியாது. ஆனா அந்தக் கேள்வியில பாதி நியாயம் இருக்கு. தாய் இருக்கிற இடத்துல தலையிடாம இருக்கிறதுதான் பெரிய உதவி. அதை நானும் ஒத்துக்கறேன்.

இன்னொண்ணும் சொல்றேன். உங்களால ராத்திரி எந்திரிக்க முடியாதுன்னா எடுக்காதீங்க. அது குத்தமில்லை. ரெண்டு மணிக்கு ஒரு தடவை பால் கொடுக்கிற வேலையை ஒரு காப்பகத்து மேல சுமத்தவும் முடியாது. சென்னையில ப்ளூ கிராஸ் 1959லேர்ந்து இருக்கு, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903லேர்ந்து இருக்கு. எத்தனை இருந்தாலும், எந்த ஊரா இருந்தாலும், வர்ற ஒவ்வொரு குட்டிக்கும் ராத்திரி முழுக்க ஒரு ஆளை உக்கார வைக்க ஒரு இடத்தாலயும் ஆகாது. வீடுகள்ல நாலஞ்சு வாரத்துக்கு மட்டும் தாய் வேலை பார்க்க ஆள் வேணும். அழுமூஞ்சி பொம்மை போட்ட நாப்பது பேர்ல நாலு பேர் ராத்திரி முறை பிரிச்சுக்கிட்டா ஒரு கூட்டத்தையே காப்பாத்திடலாம். பணம் கொடுக்கிறவங்க பால் பவுடர் வாங்கிக் கொடுக்கலாம்.

கடைசியா, இந்த வேலையோட வாலைப் பிடிக்காம தலையைப் பிடிக்கணும்னா தாய்ப்பூனைக்குக் கருத்தடை ஆபரேஷன். பூனை கர்ப்பம் ஒன்பது வாரம்தான். குட்டிக்குப் பால் கொடுத்துக்கிட்டிருக்கும்போதே அது மறுபடியும் சினையாகலாம். நாலஞ்சு மாசத்துப் பெட்டைக்குட்டியே தாயாகலாம். எங்க வீட்ல பிழைச்ச எட்டுல அஞ்சு பெட்டை. தத்து எடுக்க வந்தவங்ககிட்ட முதல் பேச்சே, "ஆறு மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணுவீங்களா?"ங்கிறதுதான். முகம் சுளிச்சவங்களுக்குக் கொடுக்கல. மோட்டார் ரூம் கறுப்பு வெள்ளைக்கும் தை மாசம் கூண்டு வெச்சுப் பிடிச்சு, குடியிருப்புல எட்டு வீட்ல வசூல் பண்ணி ஆபரேஷன் முடிச்சாச்சு. பணம் கொடுத்த எட்டுப் பேர்ல, அந்தப் பையில குட்டியைத் தூக்கிட்டுப் போன மனுஷர்தான் முதல் ஆள். இப்ப குட்டி பத்தி எங்கேயாவது தகவல் வந்தா, "எத்தனை மணியிலேர்ந்து பார்க்கறீங்க? தொட்டா சூடா இருக்கா?"ன்னு அவர்தான் முதல்ல கேக்கறார்.

டிஸ்கி 1: குட்டி கடிச்சாலோ பிறாண்டினாலோ சோப்பு போட்டு ஓடற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு டாக்டரைப் பாருங்க. ரேபிஸ் பூனையாலயும் வரும். "குட்டிதானே"ன்னு விடாதீங்க.

டிஸ்கி 2: ஆறிலேர்ந்து எட்டு வாரத்துல தடுப்பூசி ஆரம்பிக்கணும். பூச்சி மருந்து அதுக்கும் முன்னாடியே. அளவெல்லாம் டாக்டர் சொல்றதுதான், என் பதிவு இல்லை.

டிஸ்கி 3: உங்க ஊர்ல ராத்திரி போன் எடுக்கிற கால்நடை டாக்டர் யாராவது இருந்தா அவர் நம்பரை இப்பவே வாங்கி உங்க போன்ல போட்டு வெச்சுக்கங்க. குட்டி கையில இருக்கும்போது தேடிக்கிட்டிருக்க நேரம் இருக்காது.